கெட்டும் பட்டணம் சேர்
(கணித மேதை இராமானுஜனின் சென்னை நாட்கள்: ஒரு வரவு செலவுக் கணக்கு)

இரண்டாம் ஆண்டு மாணவன், பி.எஸ்ஸி. (கணிதம்)

முன்னுரை

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது நம் முன்னோர் வழங்கிச் சென்ற பழமொழி. நிலம் வறண்டாலும், தொழில் நொடித்தாலும், ஊரில் மானத்தோடு வாழ வழியில்லாமற் போனாலும் பட்டணம் போனால் பிழைத்துக் கொள்ளலாம் என்ற நம்பிக்கை இதில் அடங்கியுள்ளது. ஆனால் பட்டணம் சேர்ந்தவன் முதல் நாள் இரவு எங்கே படுப்பான், முதல் மாதம் யார் வீட்டில் உண்பான், கையிலுள்ள பணம் தீர்ந்தபின் யாரிடம் போய் நிற்பான் என்பனவற்றைப் பழமொழி நமக்குச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பகுதியை ஒரு சான்றுடன் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் தங்கியிருப்பது திருநின்றவூரில். சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவு. இவ்வூருக்கும் பொருளில்லா வாழ்வுக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. கோயில் கட்டக் கையில் காசில்லாத பூசலார் நாயனார் மனத்திலேயே கல் சேர்த்து, நாள் குறித்து, கோபுரம் எழுப்பிக் குடமுழுக்குச் செய்ய முனைந்தது இவ்வூரில்தான் என்று பெரியபுராணம் கூறுகிறது. காஞ்சியில் கற்கோயில் கட்டிய மன்னன், தன் கோயிலுக்கு முன் பூசலாரின் கோயிலுக்கே இறைவன் எழுந்தருளப் போவதைக் கனவில் அறிந்து இவ்வூரைத் தேடி வந்தான் என்பது வரலாறு. இருதயாலீசுவரர் கோயில் இன்றும் அதை நினைவூட்டி நிற்கிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அது போனதும் இவ்வூர் வழியேதான். பின்னாளில் அதே பாதையை ஒட்டிப் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், காக்களூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. வடக்கே கும்மிடிப்பூண்டிப் பாதையில் இன்னொரு தொழில் வட்டாரம் வளர்ந்தது. ஆகவே தென்மாவட்டத்திலிருந்தும் வடமாநிலத்திலிருந்தும் ஒரு பையோடு வந்திறங்கும் இளைஞர்களை எங்கள் நிலையத்தின் நடைமேடையில் நாள்தோறும் காணலாம். அவர்களில் ஒருவனாகவே நானும் வந்தேன். மனத்தில் கோயில் கட்டலாம். மனத்தில் வாடகை கட்ட இயலாது என்பது இவ்வூர் எனக்குக் கற்றுத்தந்த முதற்பாடம்.

பணமில்லாமல் பட்டணம் வந்த இளைஞர்களில் நாம் அனைவரும் அறிந்த ஒருவரை இங்கு எடுத்துக் கொள்கிறேன். அவர் சீனிவாச இராமானுஜன். அவருடைய தேற்றங்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது. அவர் எங்கே தங்கினார், எதைக் கொண்டு வாழ்ந்தார், யார் உதவினார் என்று கூட்டிக் கழித்துப் பார்க்க இரண்டாம் ஆண்டுக் கணிதமே போதும்.

ஊரிலிருந்த நிலை

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். சம்பளம் மாதம் 20 ரூபாய் அளவே. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடிச் சில ரூபாய் ஈட்டினார். வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்கவைத்து உணவளித்ததிலும் கொஞ்சம் வருவாய் வந்தது. பிற்காலத்தில் பிறர் அறையில் தங்கப் போகும் பிள்ளை, சிறுவயதில் தம் வீட்டில் தங்கிய மாணவர்களைப் பார்த்து வளர்ந்தார் என்பது கருதத்தக்கது.

1904இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்கான பரிசு பெற்றார். உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால், குறிப்பாக ஆங்கிலத்தில் தவறியதால், அவ்வுதவித்தொகை பறிபோயிற்று. பருவக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் மாதச் சம்பளத்தால் இதை வகுத்தால் 1.6 வரும். அதாவது ஒரு பருவம் மகன் படிக்க, குடும்பம் முழுதும் ஒரு மாதம் பதினெட்டு நாட்கள் உண்ணாமலும் உடுக்காமலும் இருக்க வேண்டும்! 1905 ஆகஸ்டில் அவர் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். காணாமற்போன மகனைத் தேடி நாளிதழில் செய்தி வந்தது.

மேதையின் வாழ்வில் இதை ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாகச் சொல்லிச் செல்வோர் உண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு அதில் வேடிக்கை தெரியாது. உதவித்தொகை நின்ற செய்தியை எந்த முகத்தோடு தாயிடம் சொல்வது என்ற கேள்விதான் தெரியும்.

முதற் பயணமும் தோல்வியும்

1906ஆம் ஆண்டு தொடக்கத்தில் பச்சையப்பன் கல்லூரியில் சேர அவர் சென்னை வந்தார். எழும்பூர் நிலையத்தில் இறங்கியவர் அயர்ச்சியால் பயணியர் கூடத்திலேயே உறங்கிவிட, முன்பின் அறியாத ஒருவர் எழுப்பித் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உணவளித்து வழி சொல்லி அனுப்பினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பட்டணம் அவருக்குச் செய்த முதல் உதவி அதுவே.

அப்போது ஜார்ஜ் டவுனில் பாட்டியாருடன் தங்கியதால் வாடகைக் கவலை இல்லை. எனினும் எஃப்.ஏ. தேர்வில் 1906, 1907 ஆகிய இரு ஆண்டுகளிலும் கணிதம் நீங்கலான பாடங்கள் அவரைக் கவிழ்த்தன. அத்துடன் பட்டப்படிப்பின் கதவு மூடியது. அடுத்த சில ஆண்டுகள் கும்பகோணத்துத் திண்ணையில் பலகையை மடியில் வைத்துக் கணக்குப் போட்டபடியே கழிந்தன. 1909 ஜூலையில் ஜானகியுடன் திருமணம் நடந்தது. 1910 ஜனவரியில் அவருக்கு அறுவை சிகிச்சை ஒன்று தேவைப்பட்டது. குடும்பத்திடம் பணமில்லை. குப்புசாமி என்னும் மருத்துவர் கட்டணம் வாங்காமல் அதைச் செய்து கொடுத்தார். உடல் தேறியதும், பட்டமும் பணமும் இல்லாத அந்த இருபத்திரண்டு வயது இளைஞர் கையில் இரண்டு நோட்டுப் புத்தகங்களோடு வேலை தேடிப் புறப்பட்டார். நம் ஆராய்ச்சிக்குரிய காலம் இங்கே தொடங்குகிறது.

முதற் கணக்கு: இடம்

1910 முதல் 1914 வரை இராமானுஜன் சென்னையில் தங்கிய இடங்களை நிரல்படுத்தினால் ஓர் உண்மை விளங்கும். தொடக்கத்தில் அவருக்கென ஓர் அறை இருக்கவில்லை. மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் தயவில் விக்டோரியா மாணவர் விடுதியில் தங்கினார். பார்க் டவுனில் வெங்கடநாராயணன் சந்தில் தங்கினார். திருவல்லிக்கேணி சாமிப்பிள்ளைத் தெருவில் "சம்மர் ஹவுஸ்" என்ற விடுதியில் தங்கினார். துறைமுக வேலை கிடைத்தபின் அலுவலகத்துக்கு அருகே ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவுக்குக் குடிபோனார். பிறகு மீண்டும் திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் சந்து.

நான்கே ஆண்டுகளில் இத்தனை இடம்! இவற்றுள் தொடக்க கால இடங்களெல்லாம் பழைய வகுப்புத் தோழர், ஊர்க்காரர், தெரிந்த மாணவர் என்ற நூலைப் பிடித்துக் கிடைத்தவையே. ஒரு முறை அவர் நோயுற்றபோது, பச்சையப்பன் கல்லூரியில் உடன் பயின்ற இராதாகிருஷ்ண ஐயர் அவரைத் தம்மிடத்தில் வைத்து மருத்துவம் பார்த்துக் கும்பகோணத்துக்கு இரயிலேற்றி விட்டார். புறப்படும்போது இராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களை அவரிடம் ஒப்படைத்தார். தாம் இறந்தால் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்டு ராஸிடமோ கொடுத்துவிடச் சொன்னார். உலகம் போற்றும் நோட்டுப் புத்தகங்களுக்கு அன்று காப்பறையாக இருந்தது ஒரு நண்பனின் வாடகை அறை!

இன்றைய நிலையை ஒப்பிடுவோம். இரயில் பாதையில் நகரத்தை விட்டு விலக விலக வாடகை குறைகிறது. அதனால்தான் நாங்கள் நால்வர் வில்லிவாக்கத்திலும் அம்பத்தூரிலும் தேடிவிட்டு, ஆவடியையும் தாண்டித் திருநின்றவூரில் ஓர் அறை பிடித்தோம். வாடகையை நான்கால் வகுத்துக் கொள்கிறோம். ஆனால் வாடகையை விடக் கடினமானது முன்பணம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. எங்கள் தோழர் ஒருவர் எழுத்தில்லாமல் வாய்ப்பேச்சாகக் கொடுத்த முன்பணம், அறையைக் காலி செய்தபோது வெள்ளையடித்த செலவு, குழாய் பழுது என்று கரைந்து பாதியாகத் திரும்பியது. அது அவருடைய தாயார் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம். சட்டம் ஏட்டில் இருந்தது. அதைக் காட்டிப் பேச எங்களிடம் ஒரு தாள் இல்லை.

இரண்டாம் கணக்கு: வருவாய்

சென்னையில் மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித்தந்து பிழைக்க இராமானுஜன் முயன்றார். பெரும் பலன் இல்லை. 1910 டிசம்பரில் நெல்லூர் கலெக்டராக இருந்த கணித ஆர்வலர் இராமச்சந்திர ராவைக் கண்டார். முதற் சந்திப்பிலேயே ராவுக்கு நம்பிக்கை பிறந்துவிடவில்லை. நோட்டுப் புத்தகத்தின் தரம் மெல்ல மெல்லப் புலப்பட்டபின், "என்ன வேண்டும்?" என்று கேட்டார். உணவுக்கு அலையாமல் ஆராய்ச்சியைத் தொடர வழி செய்தால் போதும் என்பதே இளைஞரின் விடை. மாதம் 25 ரூபாய் அஞ்சல் வழி வரத் தொடங்கியது.

பின்வரும் வரிசையைக் காண்க:

25 ரூபாய் வரத் தொடங்கியது 1910 இறுதியை ஒட்டி. முதல் ஆராய்ச்சிக் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, இந்தியக் கணிதக் கழக இதழில் வெளியானது 1911இல்.

1912இன் தொடக்கத்தில் கணக்குத் தலைவர் அலுவலகத்தில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் சில வாரத் தற்காலிக வேலை. 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தர் வேலை, 30 ரூபாய். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குப் புகழ்பெற்ற கடிதம் எழுதியது 1913 ஜனவரி 16ஆம் நாள்.

1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை, மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. எஃப்.ஏ.வில் இருமுறை தவறியவருக்குப் பல்கலைக்கழகம் வழங்கிய உதவித்தொகை இது!

1914இல் இங்கிலாந்து செல்லப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கியது. அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். ஆகவே 3,750 ரூபாய். மாதத்துக்கு 312 ரூபாய் 50 காசு எனக் கொள்ளலாம். துறைமுகச் சம்பளத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அதில் மாதம் 60 ரூபாய் கும்பகோணத்துக் குடும்பத்துக்குப் போக ஏற்பாடாயிற்று.

வறுமைதான் மேதைகளை உருவாக்குகிறது என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். மேற்கண்ட வரிசை அதற்கு மாறாகவே பேசுகிறது. வறுமை அவரிடமிருந்து எடுத்துக் கொண்டவை 1905 முதல் 1910 வரையிலான ஆண்டுகள். ஒவ்வொரு முறை கையில் நிலையான சிறுதொகை வந்தபோதும் அவர் பணி ஒரு படி ஏறியிருக்கிறது. பணம் கணிதத்தைக் கற்பிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் கணிதம் செய்ய அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது பணமே.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. உழைக்காமல் நெடுநாள் பிறர் பணத்தில் வாழ இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. மாதம் 25 வந்துகொண்டிருந்தபோதே அவர் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தார். உதவி பெறுகின்றவனுக்குள்ளும் மானம் என்ற ஒன்று உண்டு என்பதை உதவி செய்வோர் மறக்கலாகாது.

மூன்றாம் கணக்கு: காகிதம்

காகித விலை தாங்காமல் இராமானுஜன் கற்பலகையில் எழுதிக் கணக்கிட்டு, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டில் பதிந்தார். எழுதிய தாளின் மீதே வேறு நிற மையால் மீண்டும் எழுதினார். துறைமுகத்தில் பொட்டலம் சுற்றிய தாள்களைத் தேடி எடுத்தார் என்றும் கூறுவர்.

இதன் விளைவு என்ன? முடிவுகள் மட்டும் நோட்டில் நின்றன. அவற்றை அடைந்த வழி பலகையோடு அழிந்தது. அவருடைய முடிவுகளுக்கு நிறுவல் காணக் கணித அறிஞர்கள் ஒரு நூற்றாண்டாக உழைத்து வருகின்றனர். நிறுவலை விரித்தெழுதாததற்கு அவர் படித்த நூல்களின் முறையும் ஒரு காரணம் என்பர். எனினும் காகிதத்தின் விலையும் அதில் ஒரு பங்கு வகித்தது என்று கொள்வது தவறாகாது. சில்லறைச் சிக்கனம் சில வேளைகளில் பெருஞ்செலவாக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? புத்தகம் வாங்காமல், ஆய்வகக் குறிப்பேட்டுக்குக் கணக்குப் பார்த்து மிச்சப்படுத்தும் நம் தோழர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நூலகத்தில் படி இருக்கும்போது தயங்காமல் எடுக்க வேண்டும்.

நான்காம் கணக்கு: ஆட்கள்

இராமானுஜன் பெற்ற உதவிகளை ஒரு சங்கிலியாக எழுதிப் பார்த்தேன். திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். வேலை கேட்டு வந்த இளைஞரின் நோட்டைப் பார்த்து, இவரை ஒரு வருவாய் அலுவலகக் கடைநிலை வேலையில் அமர்த்தி அடக்கிவிடக் கூடாதென்று கருதிச் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தார். அக்கடிதம் கும்பகோணத்தில் முன்பே அவருக்கு ஆசிரியராயிருந்த சேஷு ஐயரிடம் சேர்த்தது. சேஷு ஐயர் இராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். துறைமுக வேலைக்கு விண்ணப்பித்தபோது மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் பரிந்துரை எழுதினார். துறைமுகத்தில் மேலாளராயிருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர். மாலையில் தம் இல்லத்தில் இராமானுஜனோடு பலகை வைத்துக் கணக்குப் போட்டவர். அவர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் எடுத்துச் சொன்னார்.

இச்சங்கிலியில் எவரும் முழுச் சுமையைத் தாங்கவில்லை. ஒருவர் ஒரு கடிதம், ஒருவர் ஓர் அறிமுகம், ஒருவர் சில மாதப் பணம், ஒருவர் ஒரு மாலை நேரம். ஆனால் ஒரு கண்ணி விடுபட்டிருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும். இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் கூற வேண்டும். அன்று அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் இராமானுஜன் பிறந்த சமூகத்தையோ, அதற்கு நெருங்கிய வட்டத்தையோ சேர்ந்தவர்கள். காசில்லாவிடினும் அவருக்குக் கதவைத் தட்டும் உரிமையேனும் இருந்தது. அக்கதவை நெருங்கவே முடியாமல் அதே ஆண்டுகளில் துறைமுகத்தில் மூட்டை சுமந்த இளைஞர்களில் எத்தனை பேருக்கு எத்தகைய அறிவு இருந்ததோ, யார் அறிவார்? அரசு விடுதிகளும் இட ஒதுக்கீடும் கல்வி உதவித்தொகைகளும் பிற்காலத்தில் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு விடை இங்கேயே கிடைக்கிறது. அறிமுகக் கடிதம் தர ஆளில்லாதவனுக்கு அரசாணையே அறிமுகக் கடிதம்.

2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வந்தோர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்க ஏற்பட்டவை. அத்தொகை பெரிதன்று என்பார் உளர். அறையில் நான்கு பேர் இருக்கும்போது, மாதத்தின் கடைசி வாரத்தில் அது பெரிதே. இராமச்சந்திர ராவின் 25 ரூபாயின் சிறப்பும் அதன் அளவில் இல்லை. மாதம் தவறாமல் வந்ததில் இருந்தது.

ஐந்தாம் கணக்கு: நேரம்

குறைந்த பணத்துடன் வருகின்றவன் பணத்துக்குப் பதிலாகச் செலவிடுவது நேரத்தை. இதையும் கணக்கிடலாம். நகரத்துக்கு வெளியே தங்கி, போக ஒரு மணி, வர ஒரு மணி எனப் பயணம் செய்கின்றவனுக்கு மாதம் 25 நாட்களில் 50 மணி நேரம் போகிறது. வாடகையில் மிச்சமாகும் தொகையிலிருந்து மாதாந்திரப் பயணச் சீட்டின் விலையைக் கழித்து, மீதியை 50ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்தை நாம் என்ன விலைக்கு விற்கிறோம் என்பது தெரிந்துவிடும். என் கணக்கில் வந்த விடை ஒரு தேநீர் விலையைச் சுற்றியே இருந்தது. அதனால் இரயிலில் அமர இடம் கிடைத்த நாளெல்லாம் புத்தகத்தைத் திறப்பது என்று வைத்துக் கொண்டேன். விற்ற நேரத்தில் பாதியையாவது திரும்ப வாங்கலாம் அல்லவா?

இதனினும் பெரிய விற்பனை இரவுப்பணி. நம் வகுப்புத் தோழர்கள் சிலர் ஒப்பந்தக்காரர் மூலம் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்துவிட்டு, காலை முதல் மணிக்கு வகுப்பில் அமர்கின்றனர். முதலாம் ஆண்டில் என்னுடன் அமர்ந்திருந்த ஒருவர், கணிதத்தில் எங்களுக்கெல்லாம் முன்னால் நின்றவர், இரண்டாம் ஆண்டில் வரவில்லை. "ஒரு வருடம் சம்பாதித்துவிட்டு வருகிறேன்" என்றார். தங்கைக்குத் திருமணம், வீட்டில் கடன். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் அடிக்கப்பட்டு விட்டது. இராமானுஜனும் எழுத்தர் வேலை பார்த்தார். ஆனால் அங்கே அவருடைய கணிதத்தை மதித்த ஒரு மேலாளர் இருந்தார். அந்த வேறுபாடு ஒரு வாழ்க்கையின் வேறுபாடு.

ஆகவே வேலைக்குப் போய்த்தான் தீரவேண்டும் என்ற நிலையிலுள்ளோர் மூன்றைக் கேட்டுப் பெறவேண்டும்: சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதி எண், தொழிலாளர் காப்பீட்டு எண். தேர்வு மாதத்தில் பகல்நேரப் பணி தரமுடியுமா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஜானகி அம்மாளின் கணக்கு

இராமானுஜன் 1914 மார்ச் 17இல் கப்பலேறியதும், 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானதும், 1919இல் நோயுடன் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் மறைந்ததும் நாம் அறிந்தவை. அவர் துணைவியார் ஜானகி அம்மாளின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இருபத்தோரு வயதில் கணவரை இழந்தவர் பம்பாயில் உடன்பிறந்தார் இல்லத்தில் சில ஆண்டுகள் தங்கித் தையல் கற்றார். பின்னர்ச் சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் தனியே குடியேறி, தையல் தொழிலால் வாழ்ந்தார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தும் ஆளாக்கினார். 1994ஆம் ஆண்டு மறைந்தார். பொருளின்றிப் பட்டணத்தில் காலூன்றியவர் என்ற வகையில் கணவரை விட நீண்ட கணக்கு அவருடையது. அறை தேடும் மாணவிகளுக்குப் பாதுகாப்பும் பழிச்சொல்லும் சேர்ந்து இருமடங்கு வாடகையாவதை நாம் கண்முன் காண்கிறோம். அவர்களுக்கு இவ்வம்மையார் ஒரு துணை.

நாம் செய்யத்தக்கவை

ஆய்ந்தறிந்தவற்றைக் கொண்டு நம் கல்லூரிக்குச் சில கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு துறையிலும் ஓர் அறைப் பதிவேடு வைக்கலாம். எந்த ஊரில், எந்தத் தெருவில், என்ன வாடகைக்கு, எத்தகைய உரிமையாளரிடம் நம் மாணவர்கள் தங்கினர் என்பதை மூத்த மாணவர்கள் அதில் எழுதிச் செல்லட்டும். புதிதாக வருகின்றவர் தரகருக்குத் தரும் பணமாவது மிஞ்சும்.

இரண்டாவது, மாணவர் மன்றம் ஒரு கைமாற்று நிதி தொடங்கலாம். முதல் மாத வாடகைக்கும் மருத்துவத்துக்கும் வட்டியின்றிக் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறலாம். உதவித்தொகை வரும், ஆனால் வாடகை நாளுக்குள் வந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை. அந்த இடைவெளியில்தான் பலர் படிப்பை விடுகின்றனர்.

மூன்றாவது, பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு வாரம் வகுப்புக்கு வராத மாணவனின் பெயரை அடிக்குமுன் ஒரு தொலைபேசி அழைப்பு. இராமசாமி ஐயர் எழுதியது ஒரு கடிதந்தான்.

நான்காவது நமக்கே. அறையில் பாய் விரிக்க இடமிருந்தால், ஊரிலிருந்து வரும் தம்பி தங்கைகளுக்கு முதல் வாரம் அதைக் கொடுப்போம்.

முடிவுரை

ஐந்து கணக்குகளையும் கூட்டிப் பார்த்தால் தெரிவது இதுவே: பட்டணம் தானாக யாரையும் வாழவைப்பதில்லை. பட்டணத்தில் முன்னமே வந்து சேர்ந்தவர்கள் பின்னால் வருகின்றவர்களை வாழவைக்கின்றனர். ஆகவே பழமொழியை நாம் சற்றே நீட்டிக் கொள்ளலாம்: கெட்டும் பட்டணம் சேர், சேர்ந்தபின் அடுத்தவனையும் சேர்த்துக் கொள்.

படிப்பை நிறுத்திய அந்தத் தோழர் இப்போது காக்களூர்ப் பக்கம் வேலையில் இருக்கிறார். அடுத்த ஆண்டு மீண்டும் சேர முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன், முடியும் என்றார்கள். எங்கள் அறையில் ஐந்தாவது பாய் விரிக்க இடம் இருக்கிறது. வாடகையை ஐந்தால் வகுத்தால் எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம் குறையும்.